நான்காம் பாடம்: தாயார் வருகை

"நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு மனிதகுலம் எடுத்துவைக்கும் அடுத்த பெரிய அடி இது!" என்று சென்னையிலிருந்து வந்திருந்த சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து முழங்கியபோது, பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் உச்சுக்கொட்டினார்கள். பேச்சித்தாய் எழுந்து குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தாள். விருந்தினர் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த உணர்ச்சிகரமான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு அதே வரியை இன்னொரு முறை சொன்னார். அவர் தலைக்கு மேலே தொங்கிய பேனரில் 'செயற்கை நுண்ணரிவுப் பயிற்சி மையம்' என்று இருந்தது. அறிவுக்குச் சின்ன 'ர' போட்டிருந்தார்கள்.

அவர்மேல் தப்பில்லை. இரட்டைக் கொக்கு தீப்பெட்டி ஆலையின் கேட்டுக்கு உள்ளே நெருப்பு, தீ என்ற சொற்களை யாரும் சொல்வதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கோவில்பட்டியில் மற்ற ஆலைகளில் எப்படியோ, இங்கே அறுபது வருடமாக அப்படித்தான். தீப்பெட்டி வெறும் பெட்டி. தீக்குச்சி வெறும் குச்சி. தீபாவளியைக்கூட 'புதுத்துணிப் பண்டிகை' என்பார்கள். மதியச் சோறு தீர்ந்துபோனால் 'முடிஞ்சிட்டு'. சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால் அதற்குப் பெயர் ஆத்தா. ஆத்தா வந்துட்டா என்றால் பற்றிக்கொண்டது. ஆத்தா போயிட்டா என்றால் அணைந்தது. பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுவாள் என்ற பயம்தான்.

இந்த வழக்கத்தையும் வேலையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவள் பேபி. இடைசெவலிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாள். ஐம்பத்தோரு வயது. மூக்கோரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. புதிதாக வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மரு அக்கா என்பது அவளுக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்துகொள்வாள். இருபத்தாறு வருடம் குச்சிமுனை மருந்தின் தூசியைச் சுவாசித்ததில் நெஞ்சுக்குள் ஒரு விசில் சத்தம் குடியேறியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அது ஒருமுறை ஊதும்.

"கேட்டுக்கிடுங்கட்டி" என்று ஆரம்பிப்பாள். "ஆத்தா வரும்போது மொதல்ல சூடு வரும். பெறகு செவப்பா வெளிச்சம் வரும். பெறகுதான் அவ வருவா. சூடு தட்டுன ஒடனே கையில உள்ளதப் போட்டுட்டு எந்திரி. வாசலப் பாத்து ஓடு. செருப்பத் தேடாத. பக்கத்துல இருக்கவ மசமசன்னு நின்னா, மயிரப் புடிச்சி இழுத்துக்கிட்டு ஓடு."

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம், மருந்து முக்கும் கூடத்துக்கு ஆத்தா வந்தாள். உள்ளே பதினெட்டு பேர் இருந்தார்கள். பதினெட்டு பேரும் இப்போதும் இருக்கிறார்கள். பேபி இந்த உலகத்தில் செய்த காரியம் என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான். அதற்கு ஆலை கொடுத்தது ஒரு எவர்சில்வர் குடம்.

சின்ன முதலாளி பூவனநாதன் கோயம்புத்தூரில் படித்து முடித்து வந்தபிறகுதான் அவளுடைய பேச்சுக்கு 'கன்டென்ட்' என்று பெயர் என்பது தெரிந்தது. சுவரெல்லாம் மெத்தை சாய்த்துவைத்த ஓர் அறையில் அவளை உட்காரவைத்துப் பதினோரு மணி நேரம் பேசச்சொல்லிப் பதிவு செய்தார்கள். அவளும் தெரிந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பதினோரு மணி நேரத்தில் தீ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அதையெல்லாம் தின்று முடித்த இயந்திரத்தின் அறிவில் தீப்பெட்டி ஆலை இருந்தது, குச்சி இருந்தது, மெழுகு இருந்தது, மருந்து இருந்தது. தீ இல்லை.

ஒரே வாரத்தில் பதினான்கு பாடங்களை அது செய்துகொடுத்தது. தமிழில், இந்தியில், ஒடியாவில். மூன்றிலும் பாடம் நடத்துபவள் பேபிதான். திரையில் பத்து வயது குறைந்து, கஞ்சி போட்ட காட்டன் சேலையில், கண்ணைச் சிமிட்டாமல். இனிமேல் அவள் யாருக்கும் நேரில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாடங்களுக்கு ஒப்புதல் கொடுத்தால் போதும். புதுப் பதவிக்குக் 'கன்டென்ட் ஓனர்' என்று பெயர்.

"நானும் ஓனர் ஆயிட்டேன் பாத்துக்க" என்றாள் பேச்சித்தாயிடம்.

"ஒனக்கென்னட்டி, மெஷினுக்குள்ள போயிட்ட. எங்கள மூட்டை கட்டுத எடத்துக்கு அனுப்பிட்டாவ" என்றாள் பேச்சித்தாய்.

உண்மைதான். ஏழு வருடத்தில் பழகுகிற வேலையை ஏழு நாளில் பழக்கிவிடலாம் என்று ஆனபிறகு பழைய ஆட்கள் எதற்கு? மருந்துக் கூடத்திலும் பெட்டி அடைக்கும் கூடத்திலும் இப்போது இருப்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள். ஆலைக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட விடுதி. ஒவ்வொருவர் போனிலும் பாடம். பாடத்துக்கு மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் அந்த வாரம் சாப்பாட்டில் முட்டை கிடையாது.

பாடத்தோடு ஒரு மைக்கும் வந்திருந்தது. அதில் எதைப் பேசினாலும் இயந்திரம் வாங்கி, இருமல், திக்கல், வசவு எல்லாவற்றையும் வடித்தெடுத்துவிட்டு, பேபியின் குரலிலேயே மூன்று பாஷையிலும் ஆலை முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லும். முதல்நாள் சோதனைக்காக அவள் அதில், "ஏட்டி மூதேவி, செருப்ப வெளிய விட்டுட்டு வா" என்றாள். கூரைக்கு மேலிருந்து அவள் குரல், "அன்பிற்குரியவரே, காலணிகளை வெளியே விட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். பேபியும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் ஒன்று உறைத்தது. அந்தக் குரலில் விசில் இல்லை. அவ்வளவு நீள வாக்கியத்தில் எங்கேயும் அது மூச்சு விடவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம்.

சித்திரை முடியப்போகிற ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரிசல் காட்டிலிருந்து அனலாக ஒரு காற்று கிளம்பி, வெடித்துப் பிளந்து கிடந்த மண்ணின் கருந்தூளை வாரிக்கொண்டு வந்து ஆலையின் தகரக் கூரையில் சரசரவென்று கொட்டிக்கொண்டிருந்தது. வெயில் அந்தப் புழுதிக்குள் மாட்டிச் செங்கல் பொடி நிறத்தில் தொங்கியது. பேபி குங்குமச் சிவப்பில் சேலை கட்டியிருந்தாள். விசேஷம் என்று எதுவும் இல்லை, மற்றதெல்லாம் துவைக்கக் கிடந்தது. பெட்டி அடைக்கும் கூடத்தின் மேற்குப்பக்கக் கதவைத் தள்ளித் திறந்தாள். அவளுக்கு முன்னால் அனல்காற்று உள்ளே நுழைந்தது. அதோடு அந்தச் சிவந்த வெளிச்சமும்.

உள்ளே இருந்த முப்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.

கைகூப்பினார்கள்.

இருபத்தாறு வருடத்தில் அவளுக்கு யாரும் எழுந்ததில்லை. பெரிய முதலாளியின் அம்மா மீனாட்சியம்மாள், எண்பத்து நான்கு வயதில், வருடத்துக்கு ஒருதடவை ஆயுத பூஜைக்குச் சக்கர நாற்காலியில் வருவார். அவருக்குத்தான் இப்படி எழுவார்கள். பேபிக்குக் காது மடல் சுட்டது. "இருக்கட்டும், இருக்கட்டும், ஒக்காருங்கட்டி" என்று கையை ஆட்டினாள்.

யாரும் உட்காரவில்லை. முப்பது முகத்திலும் ஒரே அளவில் ஒரு புன்னகை. எல்லோருடைய கண்ணும் அவளுடைய முகத்தில் இல்லை; அவளுக்குப் பின்னால், வாசல் வெளிச்சத்தில் இருந்தது. மின்விசிறியின் கடகடப்பு, குச்சிகளின் பச்சை மரவாடை, தகரத்தில் மண் விழும் சத்தம். அவள் கதவைச் சாத்தினாள். வெளிச்சம் அறுந்தது. அதன்பிறகுதான், ஒரு சுவிட்சை அமர்த்தியதுபோல, முப்பது பேரும் சேர்ந்தாற்போல உட்கார்ந்தார்கள்.

நல்ல மரியாதைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். மூன்றாவது வரிசையில் சுமித்ரா என்ற பெண், பத்தொன்பது வயது இருக்கும், கைநிறையக் குச்சிகளை அள்ளிப் பெட்டியில் தள்ளிக்கொண்டிருந்தாள். குச்சியும் குச்சியும் உரசுவது இங்கே தினப்படி நடக்கிற காரியம். ஒரு பெட்டி புஸ்ஸென்று சீறும். கையோடு அதை மண்வாளியில் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிறவளிடம் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுப்பார்கள். இப்போதும் சீறியது. சுமித்ராவின் மேசையில், குச்சிக் குவியலுக்கு ஒரு சாண் தள்ளி.

சுமித்ரா மண்வாளியைப் பார்க்கவில்லை. எழுந்தாள். கைகூப்பினாள். புன்னகை செய்தாள்.

சுடர் குவியலை நோக்கி நாக்கை நீட்டியது. பேபி பாய்ந்து, ஈரச்சாக்கை இழுத்து மேலே போட்டு, இரண்டு கையாலும் அமுக்கினாள். சாக்கு உஸ்ஸென்றது. கந்தகப் புகை தொண்டையில் ஏறியது. நெஞ்சு விசிலடித்தது.

"ஏட்டி! கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? வாளி எங்கன இருக்கு? கண்ணு தெரியலையா?"

சுமித்ராவின் கைகள் இன்னும் கூப்பியபடிதான் இருந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. ஆக, பயம் இருக்கிறது. பயத்தோடுதான் நிற்கிறாள். "ஆத்தா" என்றாள், புதிதாகக் கற்ற சொல்லைத் தவறில்லாமல் ஒப்பிக்கிற கவனத்தோடு. "ஆத்தா வந்தா, நிக்கணும். போறது வரைக்கும் நிக்கணும்." கொஞ்சம் யோசித்து, "போன வாரம் நான் நகந்துட்டேன். முட்டை இல்ல" என்றாள்.

பேபி நேராகச் சின்ன முதலாளியின் அறைக்குப் போனாள். பூவனநாதன் கோட்டு போட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் மதுரையில் அவனுக்கு ஒரு விருது. பணியிடக் கற்றலில் புதுமை என்ற பிரிவில். வெளியே கார் உறுமிக்கொண்டு நின்றது.

"மொதலாளி, புள்ளைய என்னமோ மாதிரி நிக்குதுவ. ஆத்தா வந்தா கும்புட்டுக்கிட்டு நிக்குதுவ."

"தெரியுமே பேபிக்கா! நாலாவது பாடம். ஆச்சி வந்தா எப்படி ரிசீவ் பண்ணணும்னு. நான் கேக்கவே இல்ல, ஏஐ அதுவா செஞ்சி குடுத்திருக்கு. ஆச்சிட்ட காட்டுனேன், அழுதுட்டாவ." கண்ணாடியில் டையைச் சரிசெய்தான். "நீங்க ரெக்கார்டிங்ல 'ஆத்தா வந்தா ஓடு'ன்னு சொல்லியிருக்கீங்க. மரியாதக் குறைவா இருக்குன்னு மாத்தியிருக்கு. முப்பத்தேழு எடத்துல திருத்தம். ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கே."

"ஆத்தான்னா அது ஒங்க ஆச்சி இல்ல மொதலாளி. ஆத்தான்னா..." அவளுக்கு வாய்வரை வந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு அப்படியே நின்றது. இருபத்தாறு வருடம். "ஆத்தான்னா, அது வந்து... ஆத்தா."

"அதத்தான நானும் சொல்லுதேன்." போனை எடுத்துப் பார்த்தான். "வெள்ளிக்கிழம தோறும் டிரில் வேற நடக்கு. நூத்துக்கு நூறு. நீங்கதான அப்ரூவ் பண்ணீங்க?"

"ஆமா."

"முழுசாப் பாத்துத்தான?"

"பாத்தேன் மொதலாளி" என்றாள் பேபி. "முழுசாப் பாத்தேன்."

கார் போய்விட்டது. புழுதிக்குள் அதன் பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகச் சுருங்கி அணைந்தன.

பயிற்சி மையம் ஆலையின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. கணினியைப் பார்த்துக்கொள்ளும் கிருஷ்ணப்ரியா என்ற பெண் மட்டும் உள்ளே இருந்தாள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு பெயின்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். டொக், டொக் என்று அது எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.

"நாலாவது பாடத்தப் போடு பிரியா."

"நீங்க பாத்தீங்கல்லக்கா?"

"இன்னொரு மட்டம் பாக்கணும்."

கிருஷ்ணப்ரியா போட்டுவிட்டு, காற்று அடிக்கிற அடியில் தன் ஸ்கூட்டி விழுந்துவிடும் என்று வெளியே ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அறை இருண்டு, திரை மட்டும் இருந்தது.

திரையில் பேபி வந்தாள். வழுவழுப்பான, மரு இல்லாத பேபி. வாய்மட்டும் அசைந்தது, கழுத்து நரம்பு அசையவில்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை. "வணக்கம். தாயார் வருகையின்போது பின்பற்றவேண்டிய ஒழுங்குகளை இன்று கற்போம்" என்றாள். "தாயார் வருகைக்கு மூன்று அறிகுறிகள் உண்டு. முதலில் வெப்பம் வரும். பிறகு சிவந்த ஒளி வரும். அதன்பிறகே அவர் வருவார். வெப்பத்தை உணர்ந்தவுடன் கையிலுள்ளதை வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். வாசலை நோக்கிக் கைகூப்புங்கள். ஓடுவது மரியாதையன்று. அருகிலிருப்பவர் ஓட முற்பட்டால் அன்புடன் பற்றி நிறுத்துங்கள்."

பேபி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் ஒரு கூடம் விரிந்தது. இயந்திரம் வரைந்த கூடம். ஆனாலும் சன்னல்கள் இந்த ஆலையின் சன்னல்கள், மேசைகள் இந்த ஆலையின் மேசைகள். வரிசை வரிசையாகப் பெண்கள். வாசலில் சிவப்பாக ஒரு வெளிச்சம் வளர்ந்தது. பெண்கள் எழுந்தார்கள். வெளிச்சத்துக்கு முகம் இல்லை, சக்கர நாற்காலி இல்லை. அது வாசலை நிறைத்து, உள்ளே வந்து, முதல் வரிசைப் பெண்களின் தோளைத் தொட்டது. அவர்கள் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள். "தாயார் அரவணைக்கும்போது விலகக் கூடாது" என்றாள் திரையில் இருந்தவள். "அவர் செல்லும்வரை புன்னகையுடன் நில்லுங்கள். பயிற்சியின்போது அனல்காற்று இயந்திரமும் சிவப்பு விளக்கும் பயன்படுத்தப்படும். அசையாமல் நிற்பவருக்கு முழு மதிப்பெண்."

வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு. பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள். அந்த நேரத்தில் அவள் மூட்டை கட்டும் இடத்தில் பேச்சித்தாயோடு டீ குடித்துக்கொண்டிருப்பாள். ஓனர் ஆனபிறகு கிடைத்த ஓய்வு அது.

பொத்தானைத் தேடி அமுக்கினாள். படம் நின்றது. திரையில் அவள் வாய் பாதி திறந்தபடி உறைந்தது.

டொக்.

டொக்.

அப்போது கரண்ட் போனது. ஏ.சி. பெருமூச்சு விட்டு அடங்கியது. ஆலையின் அத்தனை விசிறிகளும் ஒவ்வொன்றாக நின்றன. இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டு, மேசைமேல் மைக்கின் பச்சை விளக்கும் திரையும் வெளியே ஒலிபெருக்கிகளும் மட்டும் மறுபடி உயிர்பெற்றன. காற்றின் சத்தம் பெரிதானது. அதற்குள் இன்னொரு சத்தம். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைச் சேர்த்து ஒடிக்கிறதுபோல, சின்னச் சின்னதாக, வேகமாக.

மணிக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக இரண்டு நிமிடம்.

இன்று வியாழக்கிழமை.

மெழுகு வாடை. உருகுகிற மெழுகு இல்லை, கருகுகிற மெழுகு. எட்டு வருடத்துக்கு முன்னால் முகர்ந்தது. மூக்கு மறக்கவில்லை. சன்னலைத் திறந்தாள். முற்றத்துக்கு எதிரே மருந்து முக்கும் கூடம். அதன் புகைபோக்கிக்குப் பக்கத்தில் காற்று நடுங்கியது. ஓரத்துச் சன்னலில் சிவப்பு.

உள்ளே நாற்பது பேர்.

மைக்கை இழுத்தாள். வாய் தானாகத் திறந்தது. பழகிய வாய்.

"ஆத்தா வந்துட்டா! ஓடுங்கட்டி! ஓடுங்க!"

ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு கூரைகளுக்கு மேலே, முற்றத்தில், கூடங்களுக்குள், எல்லாத் திசையிலிருந்தும் அவள் குரல். நிதானமாக. மூச்சு விடாமல்.

"தாயார் வருகை தந்துள்ளார். அன்பிற்குரியவர்களே, அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அடுத்து இந்தியில். அடுத்து ஒடியாவில்.

"ஐயோ இல்ல! இல்ல!" என்று கத்தினாள். அந்தச் சொல். அந்த ஒரு சொல். உதடு திறந்தது, நாக்கு மறுத்தது. இங்கன வச்சிச் சொல்லப்பிடாது. சொன்னா வந்துருவா. வந்துட்டாளே, இனி என்ன? வந்துட்டாளே! அடிவயிற்றிலிருந்து அதைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

"தீ!"

இருபத்தாறு வருடத்தில் முதல்முறை.

"தீ! தீ! தீ! தீ!"

ஒலிபெருக்கி பேசவில்லை. கரகரக்கக்கூட இல்லை. திரையில், உறைந்து நின்ற அவள் முகத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது.

திக்கல் நீக்கப்பட்டது.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். முற்றம். புழுதி. கண்ணில் மண். ஒரு செருப்பு கழன்றது. தேடவில்லை. நெஞ்சு விசிலடித்தது, விசிலடித்தது, பிறகு விசிலும் வரவில்லை. மருந்துக் கூடத்தின் வாசல் திறந்தே இருந்தது. அகலமான வாசல். எட்டு வருடத்துக்கு முன்னால் பதினெட்டு பேரும் வெளியே வந்த வாசல். யாரும் வரவில்லை.

இருபதடி தூரத்தில் அனல் அவளைத் தடுத்தது. முகத்தில் கை வைத்துத் தள்ளியதுபோல.

உள்ளே நின்றார்கள்.

நாற்பது பேரும். நான்கு வரிசை. கைகூப்பி. உலர்த்தும் சட்டங்களின் பக்கமிருந்து சிவப்பு, ஒவ்வொரு வரிசையாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருத்தியின் கால் அசைந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவள் கையை அன்போடு பற்றினார்கள்.

"ஓடுங்கட்டி" என்றாள் பேபி. காற்றுத்தான் வந்தது. விரலால் வாசலைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். தலைமயிரைப் பிடித்து இழுப்பதுபோல் செய்து காட்டினாள். சிலர் அவளைப் பார்த்தார்கள். அடையாளம் தெரிந்தது. பாடம் நடத்துகிறவள். ஆனால் மூக்கோரத்தில் என்னவோ இருந்தது, முகம் கோணியிருந்தது, சத்தமும் வரவில்லை. அவர்கள் பார்வையை விலக்கி, மேலே, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள்.

மைக்கில் யாரும் இல்லாமலேயே மேலே இருந்தவள் சொன்னாள், "நன்று. புன்னகையுடன் இருங்கள்."

நாற்பது பேரும் புன்னகைத்தார்கள். கண்ணீர் வழிந்து, வழிந்த இடத்திலேயே காய்ந்தது. வெளிச்சம் முதல் வரிசையின் தோளைத் தொட்டது. கைகள் பிரியவில்லை.

நான்காம் பாடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவள் பேபி. பாடம் பதினெட்டு நிமிடம். அவள் பார்த்தது முதல் நாற்பது விநாடி. மருவை எடுத்துவிட்டார்களா என்று பார்த்தாள். எடுத்திருந்தார்கள்.